ஜோடி இல்லாதவர்களின் காதல் படங்கள்

தமிழில் காலம் கடந்து நிற்கும் காதல் படங்கள் பலவும் சேராதவர்களின் கதைகள்தான். ‘கல்யாண பரிசு’ (1959) பாஸ்கர், கடைசிக் காட்சியில் தன் குழந்தையைப் பழைய காதலியிடம் ஒப்படைத்துவிட்டுத் தனியே நடந்து போகிறான். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) டாக்டர் முரளி, தான் காதலித்தவளின் கணவனைப் பிழைக்க வைத்துவிட்டுத் தன் உயிரை விடுகிறார். ‘96’ (2018) ராம், பள்ளிக்கூடத்தில் விரும்பியவளை விமானம் ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறான். இந்த மூவருக்காகவும் கண்கலங்காத தமிழ் ரசிகர் குறைவு. காதலர் தினமான பிப்ரவரி 14 அன்று துணையில்லாமல் இருப்பவர் காதல் படம் பார்க்கக் கூச வேண்டியதில்லை. அந்தப் படங்களின் நாயகர்களும் அவரைப் போலத்தான் இருக்கிறார்கள்.

இது சினிமா கண்டுபிடித்த மரபும் இல்லை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்று ஐந்திணையின் உரிப்பொருளைச் சொல்வது வழக்கம். ஐந்தில் ஒன்றுதான் சேர்ந்திருப்பது. மற்றவை பிரிவும் காத்திருப்பும் கலக்கமும் கோபமும். இந்த ஐந்தோடு ஒருதலைக் காமமான கைக்கிளையையும் பொருந்தாக் காமமான பெருந்திணையையும் சேர்த்தே தொல்காப்பியம் அகத்திணைகளை ஏழாக எண்ணுகிறது.

காதலர் தினம் தமிழகத்தில் பரவியது 1990களில். பொருளாதாரக் கதவுகள் திறந்த பிறகு வாழ்த்து அட்டைகளும் தனியார் தொலைக்காட்சிகளும் அதைக் கொண்டுவந்தன. இன்டர்நெட் சாட்டிங்கில் அரும்பும் காதலை வைத்துக் கதிர் இயக்கிய ‘காதலர் தினம்’ 1999இல் வெளிவந்து, அந்தப் பெயரைப் பட்டிதொட்டியெங்கும் சேர்த்தது. ஜோடிகளுக்கென்று ஒரு நாள் வந்தால், ஜோடி இல்லாதவர்களுக்கு அது உறுத்தலாவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. தென் கொரியாவில் தனியாக இருப்பவர்கள் ஏப்ரல் 14 அன்று கறுப்புச் சாந்து ஊற்றிய நூடுல்ஸ் சாப்பிட்டு அதை ஆற்றிக்கொள்கிறார்கள். சீனாவில் கல்லூரி மாணவர்கள் நவம்பர் 11ஐத் தனியர் தினமாக்கினார்கள். அது இன்று பெரும் வணிகத் திருவிழா.

நம் சிற்றூர்களிலும் இந்த உறுத்தல் உண்டு. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் செட்டிகுளம், சின்ன வெங்காயத்துக்குப் பேர் போன ஊர். ஊருக்குள் ஏகாம்பரேஸ்வரர் கோயில். மலைமேல் கையில் கரும்போடு தண்டாயுதபாணி. இப்படிப்பட்ட ஊரில் ஜோடியாக உட்கார பூங்காவோ, மாலோ, காபி ஷாப்போ கிடையாது. காதலர் தினம் அங்கே செல்போன் வழியாகத்தான் வருகிறது. காலையிலிருந்தே ஸ்டேட்டஸில் ரோஜாவும் ஜோடிப் படங்களும் ஓடுகின்றன. வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவரும், திருச்சியிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போய் அறையில் தங்கியிருக்கும் அதே ஊர்ப் பிள்ளையும், கல்யாணப் பேச்சு தட்டிக்கொண்டே போகும் பெண்ணும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்கிறார்கள். தனக்கு மட்டும் ஏதோ இல்லை என்ற நினைப்பு அங்கே தொடங்குகிறது.

அந்த நினைப்புக்கு ஊரின் சினிமா வழக்கமே மறுமொழி சொல்கிறது. டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த காலத்தில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திருவிழா இரவுகளில் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டியபோது ஊரே பாயோடு வந்தது. தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைத் தெருவே ஒரு வீட்டில் கூடிப் பார்த்தது. யாரும் ஜோடி சேர்த்துக்கொண்டு காதல் படம் பார்க்கவில்லை. காதல் படத்துக்குத் துணை வேண்டும் என்பது மல்டிபிளக்ஸ் காலத்துப் பழக்கம்.

தனிமை எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆகவே படத்தையும் அவரவர் நிலையை ஒட்டித் தேர்ந்துகொள்வது நல்லது.

மனசில் இருப்பதைச் சொல்ல முடியாமல் வைத்திருப்பவர்களுக்கு ‘இதயம்’ (1991). கிராமத்திலிருந்து சென்னைக்கு மருத்துவம் படிக்க வந்த முரளி, ஹீராவிடம் காதலைச் சொல்ல வார்த்தையில்லாமல் படம் முழுக்கத் தவிக்கிறார். அந்தத் தயக்கத்தில் பெண்ணின் மீதான மரியாதையும் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பாத்திரம் இன்னும் கேலிக்கு ஆளாகாமல் நிற்கிறது. விரும்பியவள் வேறொருவரை விரும்புகிறாள் என்று தெரிந்தவர்களுக்கு ‘பூவே உனக்காக’ (1996). விக்ரமன் இயக்கிய அந்தப் படத்தில், அவள் விரும்பியவனோடு சேர்வதற்காக இரண்டு குடும்பங்களின் பகையைத் தீர்த்துவைக்கிறார் விஜய். தனக்கென்று எதுவும் கேட்காமல் கிளம்புகிறார். தோற்றவன் என்று அவரை எந்த ரசிகரும் நினைத்ததில்லை.

இன்னும் யாரையும் சந்திக்காதவர்களுக்கு அகத்தியனின் ‘காதல் கோட்டை’ (1996). ரயிலில் தொலைந்துபோன சான்றிதழ்களை ஒருவன் கண்டெடுத்து அனுப்பிவைக்க, கடிதத்திலேயே வளர்கிறது அந்தக் காதல். ஜெய்ப்பூரில் அஜித், ஊட்டியில் தேவயானி. ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கடைசிக் காட்சிவரை இருவரும் தனியாகத்தான் இருக்கிறார்கள். தெரியாமலேயே ஒரே ஆட்டோவில் போகவும் செய்கிறார்கள். சிறந்த இயக்குநர், சிறந்த திரைக்கதை ஆகிய இரண்டு தேசிய விருதுகளை அகத்தியனுக்குத் தந்த படம் இது.

பிரிவுக்குப் பிறகு வாழ்க்கை உண்டா என்று கேட்பவர்களுக்கு மணிரத்னத்தின் ‘மௌன ராகம்’ (1986). காதலனைப் பறிகொடுத்த திவ்யா (ரேவதி), பிடிக்காத கல்யாணத்தில் டெல்லிக்குப் போகிறாள். என்ன வேண்டும் என்று கேட்கும் கணவனிடம் விவாகரத்து கேட்கிறாள். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்த வருடத்தில் நடப்பதுதான் படம். மனசு தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும், அதை யாரும் அவசரப்படுத்த முடியாது என்பதை ரேவதியின் முகம் காட்டுகிறது. அதே கேள்வியை இளைய தலைமுறையின் மொழியில் பேசியது அட்லியின் ‘ராஜா ராணி’ (2013). ஊரை விட்டு வந்து சென்னையில் வேலை தேடுபவர்களுக்கு ‘காதலும் கடந்து போகும்’ (2016) நெருக்கமாக இருக்கும். விழுப்புரத்திலிருந்து வந்து வேலை இழந்த பெண்ணுக்கும் பக்கத்து வீட்டு அடியாளுக்கும் இடையே பெயர் வைக்காத ஓர் அன்பு. நலன் குமாரசாமி அதைக் காதல் பாட்டாக ஊதிப் பெருக்கவில்லை.

‘96’ தனியாகப் பேச வேண்டிய படம். பள்ளியில் ஜானு எந்தப் பாட்டையும் பாடுவாள். ராம் கேட்கும் ‘தளபதி’ படப் பாடலை மட்டும் பாட மாட்டாள். இருபத்திரண்டு வருடம் கழித்து, அவன் வீட்டில் கரண்ட் போன நேரத்தில் இருட்டிலிருந்து அந்தப் பாட்டு வருகிறது. ராம் தட்டுத்தடுமாறி விளக்கைத் தேடி ஓடிவருகிறான். இருவரும் தொட்டுக்கொள்ளாமலேயே தமிழ் சினிமாவின் மிக நெருக்கமான காதல் காட்சிகளில் ஒன்றைப் பிரேம்குமார் எடுத்துவிட்டார். அவள் விட்டுப்போன உடையை மடித்துப் பெட்டிக்குள் வைப்பதோடு படம் முடிகிறது.

எல்லாத் தனிமையும் விதியால் வருவதில்லை. பல பிரிவுகளுக்குப் பின்னால் சாதி இருக்கிறது. பாலாஜி சக்திவேலின் ‘காதல்’ (2004) அதை மறைக்காமல் சொன்னது. மதுரை மெக்கானிக் பையனும் பணக்கார வீட்டுப் பெண்ணும் பிரிக்கப்பட்டு, அவன் புத்தி பேதலித்துத் தெருவில் திரிகிறான். அவளுடைய கணவனே அவனை அழைத்துப்போய்ப் பாதுகாக்கிறான். நமது மாவட்டங்களிலும் காதலித்த பிள்ளைகள் வீட்டுக்குப் பயந்து வாழும் வரை, காதலர் தினத்தன்று பெற்றோரும் பார்க்க வேண்டிய படம் இது.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. முடியாது என்று சொன்ன பெண்ணை நாயகன் துரத்தித் துரத்தி வழிக்குக் கொண்டுவரும் படங்கள் தமிழில் ஏராளம். மறுப்பை அவமானமாகக் காட்டி, அவளைத் திட்டிப் பாட்டுப் பாடும் படங்களும் அப்படித்தான். மனசு புண்பட்டிருக்கும் நாளில் அந்த விஷம் சீக்கிரம் ஏறும். காதல் தோற்றால் பாட்டில்தான் துணை என்பதும் ‘தேவதாஸ்’ (1953) முதல் தொடரும் தவறான பாடம். நாகேஸ்வர ராவின் நடிப்பைப் போற்றலாம். அந்த வழியில் போகக் கூடாது. பழைய நல்ல படங்களையும் இன்றைய கண்ணோடு பார்க்கலாம். ‘அந்த 7 நாட்கள்’ (1981) முடிவில், காதலித்தவளுக்கு வேறொருவர் கட்டிய தாலிக்கு மதிப்புத் தந்து பாலக்காட்டு மாதவன் விலகிப் போகிறான். அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டார்களா என்ற கேள்வி நியாயமானது.

காயம் புதிதாக இருப்பவர் காதலர் தினத்தன்று ‘96’ஐயும் ‘இதயம்’ படத்தையும் ஒதுக்கிவைக்கட்டும். அவை சில மாதம் ஆறிய பிறகு பார்க்க வேண்டியவை. துக்கத்தைக் கிளறாத காதல் படம் வேண்டுமென்றால், ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) கைகொடுக்கும். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் அதிபர் நாகேஷ், அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் காட்சியில் சிரிக்காதவர் இல்லை. அறுபது வருடம் தாண்டியும் ஓர் இடமும் தொய்வில்லை. அம்மா, அப்பா, தாத்தா, அத்தை என்று வீட்டில் இருக்கும் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கூச்சமில்லாமல் பார்க்கக்கூடிய காதல் படமும் அதுவே.