யாருக்காகச் செய்த தறி?

சென்ற மாதம் ஓரிக்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தெர்மாகோலில் தறி செய்து வைத்துக்கொண்டு, பட்டு நெசவின் பெருமையைப் பாராமல் ஒப்பித்தான்.

"ஏன் தம்பி, கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டுமாமே, எதற்கு?" என்று குறுக்கே கேட்டேன்.

ஒப்பித்தல் நின்றது. "உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் சார். மூணு நாடா ஓடணும். அப்பா நெய்யறப்போ அம்மா பக்கத்திலே உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவாங்க" என்றான். முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது.

அந்த வாக்கியம் அவன் எழுதி வைத்த அட்டையில் இல்லை. அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. மாலையில் தெர்மாகோல் தறி பீரோ உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது.

இதற்குப் பெயர் செயல்திட்டமாம்! 2013-இல் ஒன்பதாம் வகுப்புக்கு முப்பருவ முறை வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண் ஒதுக்கினார்கள். நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் பிழைத்தவர் ஸ்டேஷனரிக் கடைக்காரர். ராத்திரி கத்தரியும் பசையுமாக உட்கார்ந்தவர்கள் தகப்பனார்கள்.

நான் கதை எழுதுகிறவன். வாசகன் இல்லாத எழுத்து உருப்படாது என்பது எனக்குத் தெரியும். நம் பிள்ளைகளுக்கு வாய்த்த ஒரே வாசகர், விடை ஏற்கெனவே தெரிந்த உபாத்தியாயர். தெரிந்தவரிடமே தெரிந்ததைச் சொல்ல யாருக்குச் சிரத்தை வரும்?

தெரியாதவர்கள் காஞ்சிபுரம் காந்தி ரோடில் தினமும் வந்து இறங்குகிறார்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. ஆனாலும் கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களில் பலருக்குக் கைத்தறி எது, விசைத்தறி எது என்று தெரியாது. அசல் ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரியும் என்பதும் தெரியாது. அவர்களுக்காக அந்த வகுப்பு இரண்டு பக்கத் துண்டுப் பிரசுரம் எழுதட்டும். அச்சுக்குப் போகுமுன் நெசவாளர் சங்கச் சுவரில் ஒட்டட்டும். பிழை இருந்தால் தறிக்காரர் சும்மா விடுவாரா? அந்தப் பயம் கற்பிப்பதைப் பரீட்சைப் பயம் கற்பிக்காது.

பாடம் முடிக்கவே நேரமில்லை என்பார்கள். 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னையை ஆராய்ந்து, முன்பின் அறியாதவர் முன்னே நின்று பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். பொறுக்கி எடுத்த சிலருக்கு முடிவது வகுப்பு முழுவதற்கும் ஏன் முடியாது?

"இது குலக்கல்வி அல்லவா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கோபம். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பிள்ளையின் பாதி நாளைத் தகப்பன் தொழிலுக்கு ஒப்படைத்தது. 1954-இல் காமராஜர் ஆட்சியில் அது ஒழிந்தது. ஒழிந்தது நல்லதே. இதே காஞ்சியில் கரை நாடா போடக் குழந்தைகளை உட்கார வைத்த காலமும் உண்டு. அந்தப் பாவத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

நெசவாளி மகனும் குமாஸ்தா மகளும் சேர்ந்து, நோட்டுப் புத்தகத்தோடு தறிக்கு முன்னால் நிற்கட்டும் என்கிறேன். இந்தப் புடவையின் விலையில் நெய்தவர் கூலி எவ்வளவு என்று கேட்கட்டும். தறியில் உட்கார வைத்த பிள்ளைக்கு அதைக் கேட்க வாயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு உண்டு.

கேட்டால் ஊர் பதில் சொல்லியாக வேண்டும். தெர்மாகோல் தறியோ யாரையும் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் அது நமக்கெல்லாம் இத்தனை சௌகரியமாக இருக்கிறது!