வெள்ள நிவாரணத்துக்கு வேன் ஏறும் தம்பிகளுக்கும், ஏத்தி விடும் பெரியவங்களுக்கும்

கொஞ்சம் நீளமான இழை. சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை, முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க.

ஒரு ஊர் மழையில் மூழ்கினா, முன்னப்பின்ன பார்க்காத அந்த ஊருக்கு எங்கிருந்தோ இளைஞர் குழுக்கள் கிளம்பி வரும். 2015-ல் சென்னை, 2018-ல் கேரளா, 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும். காயல்பட்டினத்தில் அப்ப ஒரே நாளில் 95 செ.மீ. மழை. மனசு கேக்காம ஓடி வந்த பிள்ளைங்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன்.

என் சண்டை அவங்களை அனுப்பி வைக்கிறவங்களோட.

பேனரும் டி-ஷர்ட்டும் அடிக்கச் செலவு பண்ண நேரத்தில் பாதியாவது, அந்தப் பசங்க காலில் என்ன மாட்டிக்கிட்டுத் தண்ணியில் இறங்கப் போறாங்கன்னு யோசிச்சீங்களா? முக்கால்வாசிப் பேர் ரப்பர் செருப்பு. சில பேர் வெறுங்கால்.

வெள்ளத் தண்ணியில் சாக்கடை இருக்கு, எலி, நாய், மாட்டோட சிறுநீர் இருக்கு. காலில் சின்னக் கீறல் போதும், தண்ணியில் ஊறிப்போன தோலே போதும், எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே போயிடும். இதில் மோசமான விஷயம், காய்ச்சல் அன்னைக்கே வராது. பெரும்பாலும் 5-லிருந்து 14 நாள் கழிச்சுத்தான் வரும். அதுக்குள்ள பையன் சேலத்துலயோ கோயம்புத்தூர்லயோ வீட்ல இருப்பான். காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. "மூட்டை தூக்குன உடம்பு வலிம்மா"ன்னு ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் படுத்துடுவான். அந்த ஊர் டாக்டருக்கு இவன் வெள்ளத்தில் நின்னது எப்படித் தெரியும்? ஆரம்பத்துல பிடிச்சா சாதாரண ஆன்டிபயாடிக்கில் சரியாகிற நோய். விட்டா மஞ்சள் காமாலை, சிறுநீரகம், நுரையீரல்னு போகும். உயிரும் போகும்.

இதுக்கு முன்தடுப்பு இருக்கு. தண்ணியில் வேலை செய்ற நாட்களில் வாரம் ஒருமுறை டாக்சிசைக்ளின் 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்கு அப்புறம், நிறைய தண்ணியோட. 2018-ல் கேரள சுகாதாரத் துறை மீட்புப் பணியில் இருந்தவங்களுக்கு இதைத்தான் கொடுத்தது. கர்ப்பிணிகளுக்குக் கிடையாது, அதனால கடையில் வாங்கிப் போடாம அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்குங்க. மாத்திரை போட்டாலும் பூட்ஸ் வேணும். டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு ஞாபகம் இல்லைன்னா கிளம்பும் முன்னாடியே கேளுங்க. ஊருக்குத் திரும்பினதும் ஒரு மாசத்துக்குள்ள காய்ச்சல் வந்தா, டாக்டர்கிட்ட முதல் வாக்கியமே "நான் வெள்ளத் தண்ணியில் நின்னேன்"னு இருக்கணும்.

அடுத்தது "இலவச மருத்துவ முகாம்". இதை எழுதும்போதே கை நடுங்குது, கோபத்துல.

ஒரு பாட்டி கேரி பேக் நிறைய மாத்திரையோட வந்தாங்க. பிரிச்சுப் பார்த்தா மூணு கம்பெனிப் பேர்ல ஒரே வலி மாத்திரை. மூணையும் வேளாவேளைக்குப் போட்டிருக்காங்க. "மூணு வண்டிலயும் குடுத்தாவ டாக்டரய்யா, நல்ல புள்ளைய, ஆசையா குடுத்தாவ"ன்னாங்க. வயித்துப்போக்கில் உடம்பில் தண்ணி வத்திப்போன, சர்க்கரையும் பிபியும் உள்ள 70 வயசு உடம்பு. அந்த வலி மாத்திரை சிறுநீரகத்தை என்ன பண்ணும்னு கொடுத்த தம்பிக்குத் தெரியாது. தெரிஞ்சிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மாத்திரைப் பெட்டியை அவன் கையில் கொடுத்தீங்க பாருங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

அந்தப் பாட்டிக்கு வேண்டியிருந்தது வெள்ளத்துல போன சர்க்கரை மாத்திரை. அது எங்ககிட்ட இலவசமா இருக்கு. மக்களைத் தேடி மருத்துவம் பட்டியலில் தெரு வாரியா யாருக்கு என்ன மருந்துன்னு இருக்கு. டிபி மாத்திரை தண்ணியில் போனவங்க, டயாலிசிஸ் நாள் தவறினவங்க, இன்சுலின் வைக்க ஃபிரிட்ஜ் இல்லாதவங்க எல்லாரையும் அந்தப் பகுதி சுகாதார செவிலியருக்குத் தெரியும். அவங்களுக்கு ஒரு வண்டியும் கூட நடக்க ரெண்டு பேரும் கொடுத்தா, ஒரே நாளில் உங்க பத்து முகாமுக்கு மேல வேலை நடக்கும். ஆனா அதுல போட்டோ சுமாராத்தான் வரும்.

"வந்தவங்களையும் விரட்டினா யார்தான் உதவுவா?"ன்னு கேப்பீங்க. ஸ்ரீவைகுண்டத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி நின்னப்ப, அதில் சிக்கினவங்களுக்குச் சோறு பொங்கிப் போட்டது பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரங்க. அவங்களும் வெள்ளத்துல இருந்தவங்கதான். எந்த ஊரும் நாம வந்து காப்பாத்தணும்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது இல்லை. வெளியூர்ல இருந்து வர்றவங்க அங்க ஏற்கெனவே வேலை செய்றவங்களுக்குக் கீழ நின்னு வேலை செய்யணும். ஊரும் தெரியாம, மேடு பள்ளமும் தெரியாம, திறந்து கிடக்கிற சாக்கடையில் நீங்க விழுந்தா, உங்களைத் தூக்க நாலு பேர் வேலையை விட்டுட்டு வரணும்.

இன்னொண்ணு, துப்புரவுப் பணியாளர்களையும் பஸ்ஸில் ஏத்தி வெளியூர்ல இருந்துதான் கூட்டிட்டு வர்றோம். அவங்களுக்கு பூட்ஸும் கையுறையும் இருக்கான்னு யாரும் கேக்கறதில்லை. பழைய துணி மூட்டைக்குப் பதிலா அதை வாங்கிட்டு வாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சுகாதார ஆய்வாளருக்கோ பேசி, "எத்தனை பேர் வேணும், எப்ப வேணும்"னு கேளுங்க. "இப்ப வேண்டாம் தம்பி, பத்து நாள் கழிச்சு வாங்க"ன்னு சொன்னா பத்து நாள் கழிச்சே போங்க. அப்பதான் தண்ணி வடிஞ்சிருக்கும். கிணறு கிணறா இறைச்சு, ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தணும். வீட்டுக்குள்ள முழங்கால் அளவு சேறு அள்ளணும். அந்த வாரம் கேமராவும் போயிருக்கும், வேன்களும் போயிருக்கும். ஆய்வாளரும் நாலு பணியாளர்களும்தான் நின்னுக்கிட்டிருப்பாங்க.