பெட்டியை இறக்கும் முன்னால் ஒரு பல்பு



நம்ம கியர் பாக்ஸ் பிராக்டிகலுக்கு மார்க் எப்படிப் போடுகிறார்கள் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். கழற்றினால் மார்க். திரும்பப் பூட்டினால் மார்க். படம் போட்டுப் பாகம் குறித்தால் மார்க். வைவாவில் பல்லை எண்ணிச் சொன்னால் அதற்கும் மார்க். "தம்பி, இந்தப் பெட்டியில் என்ன கோளாறு, கண்டுபிடி" என்ற கேள்வி மட்டும் மூன்று வருஷத்தில் ஒருநாளும் வந்ததில்லை. எப்படி வரும்? லேப்பில் இருப்பது ஓடாத பெட்டி. ஓடாத பெட்டிக்கு ஏது கோளாறு!

குறை சொல்கிறான் என்று நினைப்பவர்களுக்கு: ஆமாம், குறைதான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இந்தக் குறைக்கு ஒரு விலை கொடுத்திருக்கிறோம்.

என் தாய்மாமா சார்ஜாவில், சனையாவில் ஒரு கராஜில் மெக்கானிக்காக இருந்தார். 2015-இல் அங்கே ஒரு பழைய ஜீப் செரோக்கி வந்தது. 1998 மாடல், 4 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக். வாரக் கடைசியில் மணல் மேட்டில் ஏற்றி இறக்குகிற வண்டி. புகார் என்னவென்றால், காலையில் ஒரு குறையும் இல்லை. மணலில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு, நிறுத்தி எடுத்தால் இழுவையே இருக்காது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. அரை மணி ஆறப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பிவிடும். கராஜுக்கு வந்தாலோ நல்ல பிள்ளை!

முதலாளி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் போச்சு, பெட்டியை மாத்து" என்றார். மாமாவும் ஆமாம் போட்டார். ஸ்கிராப் யார்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது, இரண்டு நாள் வேலை, வண்டி போனது. மூன்றே வாரத்தில் அதே புகாரோடு திரும்பி வந்தது. வண்டிக்காரர் காசைத் திருப்பிக் கேட்டார். முதலாளி மாமா சம்பளத்தில் கை வைத்தார், இரண்டு மாசம். அந்த இரண்டு மாசம் அம்மாவின் கம்மல் அடகுக் கடையில் இருந்தது. நான் அப்போ சின்னப் பையன், ஆனாலும் வெறும் காதோடு அம்மா இருந்தது ஞாபகம் இருக்கு.

இப்போ நாம நிதானமாக யோசிப்போம். தேய்ந்துபோன பிளேட்டு மத்தியானம் தேய்ந்து சாயங்காலம் வளருமா? வளராது இல்லையா? அப்புறம் எப்படி அரை மணி ஆறினதும் அது சரியாகும்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் பெட்டி இறங்கியிருக்காது.

அந்தச் செரோக்கியில் இருப்பது ஏ.டபிள்யூ.4 என்ற பெட்டி. ஜப்பானின் ஐசின் வார்னர் கம்பெனி செய்தது. 1987 முதல் 2001 வரை செரோக்கியில் வந்தது. டொயோட்டாவில் ஏ340 என்று ஓடுவதும் இதே குடும்பம்தான். நாலு கியர்: 2.80, 1.53, 1.00, 0.75. எந்தக் கியர் என்று முடிவு பண்ணுவது கம்ப்யூட்டர். அதை நிறைவேற்றுவது இரண்டு சாலினாய்டு வால்வு. மூன்றாவதாக ஒன்று உண்டு, அது டார்க் கன்வெர்ட்டரைப் பூட்ட மட்டும். முதல் கியரில் முதல் சாலினாய்டுக்கு மட்டும் கரண்ட். இரண்டாவதில் இரண்டுக்கும். மூன்றாவதில் இரண்டாவது சாலினாய்டுக்கு மட்டும். நாலாவதில் இரண்டுக்குமே கரண்ட் கிடையாது.

கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். கரண்ட் இல்லை என்றால் டி-யில் நாலாவது கியர்! அதாவது கம்ப்யூட்டருக்கு வருகிற கரண்ட் போய்விட்டால், நிற்கிற வண்டியை நாலாவதில் எடுக்கப் பார்க்கிறது பெட்டி. 2.80 எங்கே, 0.75 எங்கே? கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு இழுவைதான் சக்கரத்துக்குப் போகும். மணலில் அது எதற்குக் காணும்? ஓட்டுகிறவனுக்கு அது அச்சு அசலாகக் கிளட்ச் வழுக்குகிற மாதிரியே இருக்கும். முதலாளி ஏமாந்தது இங்கேதான். அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, நானாக இருந்தாலும் ஏமாந்திருப்பேன்.

மாமாவுக்கு வழி காட்டியது பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியன், பாலக்காட்டுக்காரர். "சேட்டா, அடுத்த தடவை இழுக்காதப்போ வண்டியை நிறுத்தி, லீவரை 1-2-ல போட்டுப் பாரு" என்றாராம். அவ்வளவுதான். இந்தப் பெட்டியில் கம்ப்யூட்டர் செத்தாலும் லீவர் ஆயில் வழியை நேரடியாக மாற்றும். 1-2-ல் போட்டால் முதல் கியர், 3-ல் போட்டால் மூன்றாவது, டி-யில் போட்டால் நாலாவது. கம்பெனி சர்வீஸ் புத்தகமே இதைப் பரிசோதனையாகச் சொல்கிறது: கம்ப்யூட்டர் கனெக்டரைக் கழற்றி வை, கையால் கியர் மாற்றி ஓட்டு, மூன்றும் சரியாக விழுந்தால் பெட்டியைத் தொடாதே, ஒயரிங் பக்கம் போ. (ஓடும்போது மட்டும் லீவரை 1-2-க்கு இழுத்துவிடாதீர்கள். தடுக்கக் கம்ப்யூட்டர் இல்லை, நேராக முதல் கியரில் போய் விழும்.)

மாமா ஒரு வெள்ளிக்கிழமை வண்டிக்காரரோடு மணலுக்குப் போனார். தன் லீவு நாள், தன் செலவு. கம்ப்யூட்டருக்குப் போகிற சப்ளை ஒயரில் ஒரு சின்னப் பல்பைக் கோத்து டேஷ்போர்டு மேலே டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒரு மணி நேரம் பல்பு எரிந்தது. மேட்டின் பாதியில் இழுவை போன அதே நொடியில் பல்பும் அணைந்தது. லீவரை 1-2-ல் போட்டதும் வண்டி முதல் கியரில் மேட்டில் ஏறிவிட்டது! அப்புறம் ஒயரைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்ததில், ஒரு கனெக்டரில் பின் பச்சை பூத்துத் தளர்ந்து கிடந்தது. சூடானால் விலகும், ஆறினால் ஒட்டும். பெட்டி மாற்றினதும் மூன்று வாரம் நன்றாக ஓடியதே, அது எப்படி? பெட்டியை இறக்கும்போது ஒயரிங்கை இழுத்து அசைத்துத் திரும்பக் கட்டினார்கள். தளர்ந்த முனை தற்காலிகமாக ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரிக் கோளாறில் இது பெரிய ஆபத்து. தப்பான வேலை செய்தாலும் கொஞ்ச நாளைக்குச் சரியான வேலை மாதிரியே தெரியும்.

எல்லாமே ஒயரிங்தான் என்று நான் சொல்ல வரவில்லை. செங்குத்து மேட்டில் மட்டும் இழுவை போனால் ஆயில் குறைந்திருக்கலாம், பம்ப் காற்றை இழுக்கும். காலையில் டி போட்டால் தாமதமாகப் பிடித்து, சூடானதும் சரியானால் உள்ளே சீல் இறுகிப்போயிருக்கலாம். திராட்டில் கேபிள் சரியாக இல்லை என்றால் ஆயில் பிரஷரே தவறிவிடும். ஆயில் கறுத்துத் தீய்ந்த வாசனை அடித்தால் சந்தேகமே வேண்டாம், பெட்டியை இறக்குங்கள். ஆனால் இதெல்லாம் கம்ப்யூட்டரைக் கழற்றி வைத்து ஓட்டினாலும் தொடரும். அதனால்தான் அந்தப் பரிசோதனையை முதலில் செய்யச் சொல்கிறேன், அதையும் கோளாறு வருகிற சூட்டில் செய்யச் சொல்கிறேன். ஆறின வண்டியில் செய்தால் ஒன்றும் தெரியாது. காட்டிலும் சேற்றிலும் ஓடும் செரோக்கி என்றால் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் நியூட்ரல் சுவிட்சையும் பார்க்க வேண்டும். தண்ணீரும் சேறும் அதற்குள் புகுந்து காண்டாக்டைக் கெடுக்கும். பி-யில் ஸ்டார்ட் ஆகாமல் என்-னில் ஆகிறதா? ரிவர்ஸ் லைட் எரிய மறுக்கிறதா? அப்போ முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

எலக்ட்ரிகல் டிபார்ட்மென்ட் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தச் சாலினாய்டின் ரெசிஸ்டன்ஸ் 11 முதல் 15 ஓம். 12 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் ஓடும். ஒயருக்குள் எல்லா இழையும் அறுந்து ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மல்டிமீட்டர் "நல்ல ஒயர்" என்றுதான் சொல்லும். லோடு கொடுத்தால்தான் குட்டு வெளிப்படும். மீட்டரை நம்பிக் கெட்டவர்கள் நிறையப் பேர். ஒயரில் ஒரு பல்பை லோடாகப் போட்டுப் பாருங்கள்.

"நம்ம ஊரில் ஆட்டோமேட்டிக் ஜீப் எங்கே இருக்கு? இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்று ஹாஸ்டலில் ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் டிப்ளமோவைக் கையில் வைத்துக்கொண்டு வளைகுடாவுக்கு விசா தேடுகிறோம்? இங்கேயும் 2014-இல் மாருதி செலேரியோவில் ஏ.எம்.டி. வந்த பிறகு சின்னக் காரிலேயே கிளட்ச் பெடல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. அதன் உள் அமைப்பு வேறு, சாதா கியர் பாக்ஸைத்தான் கம்ப்யூட்டர் இயக்குகிறது. ஆனாலும் கரண்ட் பக்கமா, இரும்புப் பக்கமா என்ற கேள்வி அதே கேள்விதான்.

ஆகவே யூனியன் மூலமாகத் துறைத்தலைவர் அவர்களிடம் நாம் ஒன்று கேட்க வேண்டும். கட் செக்ஷன் மாடல் இன்னொன்று வேண்டாம், இருப்பதே போதும். ஓடுகிற நிலையில் ஒரு பழைய வண்டி வேண்டும், ஆட்டோமேட்டிக்காக இருந்தால் நல்லது. பிராக்டிகலுக்கு முந்தின நாள் சார் அதில் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும். ஒரு பியூஸை இளக்கலாம், ஒரு பின்னைப் பின்னுக்குத் தள்ளலாம், ஒரு லிட்டர் ஆயிலைக் குறைக்கலாம். ஸ்பேனரைத் தொடும் முன்னால் என்னென்ன பார்த்தோம், எதனால் எதைத் தள்ளினோம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லட்டும். பாதி மார்க் அதற்கு. தப்பாகக் கண்டுபிடித்தாலும் வரிசை சரியாக இருந்தால் மார்க் போடட்டும்.

மாமா இப்போ ஊரோடு வந்துவிட்டார், பைபாஸில் சொந்தப் பட்டறை. போன தீபாவளி லீவில் அங்கே உட்கார்ந்து மூன்று எல்.இ.டி., மூன்று 1000 ஓம் ரெசிஸ்டர் வைத்து ஒரு சின்னப் பெட்டி பண்ணினேன். ஒன்று சப்ளைக்கு, மற்ற இரண்டும் இரண்டு சாலினாய்டுக்கு. பல்பு மாதிரி கரண்டைத் தின்னாது, ஓட்டிக்கொண்டே எந்தக் கியருக்குக் கட்டளை போகிறது என்று பார்க்கலாம். வேண்டுமென்கிறவர்கள் ஹாஸ்டலில் வந்து பார்க்கலாம். வண்டி வந்தால் லேப்புக்கே கொடுத்துவிடுகிறேன்.