கோழி கூவும் மணிக்கூண்டு



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் மேசை விளிம்பில் தனியாக வைத்திருந்தேன். நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஓர் அம்மா எழுதியது. அவருடைய மகள் ஓவியம் படித்து முடித்தவள். ஐரோப்பிய நகரம் ஒன்றில் இரண்டு மாதம் தங்கி, அந்த ஊர்க் கட்டடங்களைப் பார்த்து வரைய அவளுக்கு அழைப்பு வந்திருக்கிறதாம். ஓவியர்கள் இதை 'ரெசிடென்சி' என்கிறார்கள். தங்க இடம், சாப்பாடு, வரைய ஓர் அறை எல்லாம் தருவார்கள். பார்க்க வேண்டியதும் வரைய வேண்டியதும் அவள் வேலை. அம்மாவுக்கு இரண்டு சந்தேகங்கள். கட்டடம் பார்க்க அவ்வளவு தூரம் போக வேண்டுமா? போன இடத்தில் பிள்ளை தனியாக என்ன செய்வாள்?

இரண்டுமே நியாயமான கேள்விகள். பதிலாக எனக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் பாட்டன்கர் என்றொரு கோண்டுப் பழங்குடிக் கிராமம். நம் வீட்டுப் பெண்கள் வாசலில் கோலம் போடுவதுபோல, அங்குள்ள பெண்கள் சுவரிலும் தரையிலும் 'திக்னா' போடுவார்கள். 1971இல் அந்த ஊரில் பிறந்தவர் பஜ்ஜு ஷ்யாம். பிழைப்புத் தேடி போபாலுக்கு வந்து இரவுக் காவலாளியாக இருந்தார், மின்வேலையும் பார்த்தார். பிறகு, ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த தன் உறவினர் ஜங்கர் சிங் ஷ்யாமிடம் உதவியாளராகச் சேர்ந்து தூரிகை பிடித்தார்.

2002இல் அவருக்கு லண்டனிலிருந்து அழைப்பு. அழைத்தது அருங்காட்சியகமோ கலைக்கூடமோ இல்லை. இஸ்லிங்டன் பகுதியில் இருந்த 'மசாலா ஸோன்' என்ற இந்திய உணவகம், சுவரில் படம் வரையக் கூப்பிட்டது. ஏறக்குறைய இரண்டு மாதம் அங்கே இருந்தார். பகலெல்லாம் உணவகச் சுவர், மற்ற நேரத்தில் ஊர் சுற்றல். ஆங்கிலம் தெரியாது. ஆனால் காட்டில் வளர்ந்த கண் இருந்தது.

அந்தக் கண்ணுக்கு லண்டன் எப்படித் தெரிந்தது தெரியுமா? பிக் பென் மணிக்கூண்டு அவருக்குச் சேவலாகத் தெரிந்தது. கோண்டு மக்களுக்கு நேரம் சொல்வது சேவல்தானே! பாதி கோபுரம், பாதி சேவலாக ஒரே உடம்பில் வரைந்து, சேவலின் கண் இருக்கும் இடத்தில் கடிகாரத்தைப் பொருத்திவிட்டார். தினமும் தன்னை வேலைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்ட 30ஆம் எண் பேருந்து, வழி தவறாத விசுவாசமான நாயாயிற்று. பூமிக்கு அடியில் ஓடும் ரயில், மண்ணுக்குள் ஊர்ந்து நெளியும் உயிராயிற்று. முதன்முதலாக ஏறிய விமானம், இறக்கை முளைத்த யானை. அவ்வளவு கனமான ஒன்று பறக்கிறதென்றால் வேறு எப்படி வரைவது! பகலில் கண்ணில் படாமல், இருட்டியதும் மதுக்கடைகளில் மொய்க்கும் ஆங்கிலேயர்களை வௌவால்களாக்கினார்.

ஊர் திரும்பிய பிறகு இந்தப் படங்களையும் அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றையும் சேர்த்து 2004இல் நூலாக்கியது நம் சென்னையின் தாரா புக்ஸ். நூலின் பெயர் 'தி லண்டன் ஜங்கிள் புக்'. அந்தப் பெயரில் ஒரு குறும்பு உண்டு. 1894இல் கிப்ளிங் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'ஜங்கிள் புக்' கதைகள் நடப்பது மத்திய இந்தியாவின் சிவனிக் காட்டில். அதுவும் கோண்டு நாடுதான். அவர் இங்குள்ள காட்டைத் தன் நாட்டாருக்குச் சொன்னார். நூறு ஆண்டு கழித்து அந்தக் காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் போய், லண்டனையே காடாக்கிக் காட்டினார். 2018இல் பஜ்ஜு ஷ்யாமுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது.

அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதில் இருக்கிறது. பிக் பென்னை அச்சு அசலாக வரையக்கூடியவர்கள் லண்டனிலேயே ஆயிரம் பேர் இருப்பார்கள். அதில் சேவலைப் பார்க்க பாட்டன்கரிலிருந்து ஒருவர் போக வேண்டியிருந்தது. அதே பாட்டன்கர்க்காரர் ஊரிலேயே இருந்திருந்தால் சேவலைச் சேவலாகத்தான் வரைந்துகொண்டிருப்பார். இரண்டும் சந்திக்க ஒரு பயணம் தேவைப்பட்டது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பஜ்ஜுவுக்கு வழிகாட்டிய ஜங்கர் சிங் ஷ்யாம் பெரிய கலைஞர். போபாலில் பாரத் பவன் என்ற கலை மையம் உருவான நாட்களில் ஓவியர் ஜே. சுவாமிநாதனின் குழு கிராமம் கிராமமாகப் போனபோது கண்டெடுத்த இளைஞர். சார்லஸ் கொரியா வடிவமைத்த மத்தியப் பிரதேசச் சட்டமன்றக் கட்டடத்தின் சுவர்களில் அவர் கை இருக்கிறது. 1989இல் பாரிஸில் நடந்த பெரிய உலகக் கலைக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. அப்படிப்பட்டவர் 2001இல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி வரைந்துகொண்டிருந்தபோது, தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்கு அடுத்த ஆண்டுதான் பஜ்ஜு லண்டனுக்கு விமானம் ஏறினார். அந்த வீட்டில் எவ்வளவு பயம் இருந்திருக்கும் என்று பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே உங்கள் கவலையை நான் சிரித்துத் தள்ள மாட்டேன். எத்தனை நாள், செலவு யாருடையது, வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். திரும்பிவரும் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் அவள் கையிலேயே இருக்கட்டும். அந்த ஊரில் தமிழ் பேசும் ஒரு குடும்பத்தின் எண் அவளிடம் இருக்கட்டும். வாரத்தில் ஒரு நாளாவது முகம் பார்த்துப் பேசுங்கள். படம் எப்படி வருகிறது என்று கேட்கும் முன் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாதியில் வந்துவிடலாம், யாரும் ஏதும் சொல்ல மாட்டோம் என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு சொல் பெட்டியில் வைக்கும் ஊறுகாயைவிட முக்கியம்.

அவளிடம் எனக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. போகும் முன் பத்து நாள் ஸ்கெட்ச் புக்கோடு டவுன்ஷிப்பைச் சுற்றட்டும். திட்டம் போட்டுக் கட்டிய ஊர் எப்படி இருக்கும் என்று பார்க்க அவள் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. அவள் பிறந்ததே அப்படியோர் ஊரில்தான். ஒன்று, இரண்டு என்று எண் போட்ட வட்டங்கள், ஒன்றுபோல் வரிசையாக நிற்கும் குவார்ட்டர்ஸ், நிழல் மூடிய நேர் சாலைகள். 1934இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து தொடங்கிய கதை அது. அந்தப் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க 1956இல் நிறுவனம் வந்தது. சோவியத் உதவியோடு எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தரத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கத்துக்காகவும் நகருக்காகவும் வீடு வாசலை விட்டுப்போன கிராமங்களின் கதை இன்னும் ஓயவில்லை. அதையும் அவள் கண் தெரிந்துவைத்திருக்கட்டும். மண்ணை வாரி வாரிக் கொட்டும் அந்த ராட்சதச் சக்கர இயந்திரம் என்ன பிராணி? இடுப்பு ஒடுங்கிய கூலிங் டவர் யாருடைய வயிறு? இங்கே இதைக் கேட்டுப் பழகினால்தான் அங்கே போய் எதைப் பார்த்தாலும் கேட்கத் தோன்றும்.

எங்கள் ஊரான மேல்பட்டாம்பாக்கமும் ஒரு காலத்தில் வெளிநாட்டார் வந்து தங்கிய ஊர்தான். 1860களிலேயே டேனிஷ் மிஷன் இங்கே வந்துவிட்டது. அவர்கள் தங்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் நம் தென்பெண்ணையும் பனைமரமும் என்னவாக மாறியிருக்குமோ! இப்போது நம் முறை.

அடுத்த இதழில் இரண்டு பக்கங்களைக் காலியாக வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். தினமும் பார்க்கும் கட்டடத்தையோ வண்டியையோ ஒரு பிராணியாக வரைந்து அனுப்பட்டும். பெரியவர்களுக்கும் தடையில்லை. நல்ல கோடு, கெட்ட கோடு என்று எதையும் திருப்பி அனுப்பமாட்டோம்.

முதல் வரவாக என்னுடையதை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் டவுன் பஸ் எனக்கு எருமை. அவசரம் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. ஹாரன் அடித்தாலும் ஒதுங்காது. மழையில் நனைந்தபடி ஆடி அசைந்து வந்து நிற்கும். ஆனால் இருட்டுவதற்குள் எல்லோரையும் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

உங்கள் ஊர் பஸ் என்ன பிராணி?

அன்புடன்,
ஆசிரியர்