மஞ்சளாக வந்த படத்தை இழுக்காதீர்கள்!

"தம்பி, மிஷின் செத்துப்போச்சு. கொஞ்சம் வந்து பாருங்க!"

சென்ற மே மாதம், இரவு ஒன்பதரை மணி. பழங்காநத்தத்தில் எங்கள் எதிர்வீட்டு அத்தையின் குரல். மாமாவின் பதினாறாம் நாள் காரியம் அன்றுதான் முடிந்திருந்தது. மூன்று மகள்களும் விடிந்ததும் ஊருக்குக் கிளம்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் அப்பாவோடு தான் இருக்கும் படம் ஒன்று வேண்டும். பேரன் வாங்கிக் கொடுத்த குட்டி போட்டோ பிரின்டரில் மிச்சம் இருந்தது மூன்றே தாள்.

முதல் தாள் பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மாமாவும் பெரிய மகளும் மஞ்சளாக, புகை மாதிரி தெரிந்தார்கள். "இங்க் தீர்ந்துபோச்சு போல" என்று பெரிய மகள் தாளை இழுக்கப் போனார். "அக்கா, கையை எடுங்க!" என்று கிட்டத்தட்ட கத்திவிட்டேன்.

இந்த வகை பிரின்டரில் இங்க்கே கிடையாது. ரிப்பனில் உள்ள சாயத்தைச் சூடாக்கித் தாளில் ஏற்றுகிறது. முதலில் மஞ்சள், அடுத்து மெஜந்தா, பிறகு சயான், கடைசியாகப் படத்தைக் காக்கும் நிறமற்ற பூச்சு. ஆக, ஒரே தாள் நான்கு தடவை உள்ளே போய் வரும். நடுவில் இழுத்தால் தாளும் வீண், ரிப்பனில் அந்தப் படத்துக்கான பங்கும் வீண். ரிப்பனைத் திருப்பிச் சுற்றிப் பயன்படுத்த முடியாது.

சரி, ஏன் நின்றது? மத்தியானத்திலிருந்து முப்பது படங்களுக்கு மேல் தொடர்ந்து போட்டிருக்கிறார்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறை, அதுவும் மதுரை வெயிலில்! உள்சூடு அளவு மீறினால் மிஷின் தானாக நின்று ஆறிக்கொள்ளும். போதாக்குறைக்குச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள். பல மாடல்களில் தாள் பின்பக்கமும் நீளும். ஒரு சாண் இடமாவது விட வேண்டும். மெதுவாக முன்னால் நகர்த்திவிட்டு, அணைக்காமல் காத்திருந்தோம்.

அதற்குள் சின்ன மகளின் போனை வாங்கிப் பார்த்தேன். பதற்றத்தில் நான்கு தடவை 'பிரின்ட்' அழுத்தியிருந்தார். விட்டிருந்தால் மிச்சமிருந்த தாள்களிலும் அதே படம்தான் வந்திருக்கும். காத்திருந்தவற்றை ரத்து செய்தேன்.

தாள் நிஜமாகவே சிக்கியிருந்தால், ஒருமுறை அணைத்துப் போடுங்கள். பெரும்பாலும் தானே வெளியே தள்ளும். அச்சு தொடங்கவே இல்லையென்றால், தாளும் ரிப்பனும் ஒரே அளவுதானா என்று பாருங்கள். பிரின்டரின் வைஃபையில் நேரடியாக இணைக்கும்போது, 'இன்டர்நெட் இல்லை' என்று போன் அதைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. மொபைல் டேட்டாவைச் சற்று நேரம் அணைத்துவைத்தால் சரியாகும்.

இங்க்ஜெட் வைத்திருப்பவர்களுக்கு வேறு தொல்லை: சும்மா கிடந்தால் இங்க் காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு கலர் பக்கம் போடுங்கள். 'ஹெட் கிளீனிங்' ஒவ்வொரு முறையும் இங்க்கைக் குடிக்கும். இரண்டு தடவைக்கு மேல் தொடர்ந்து அழுத்தாதீர்கள்.

இருபது நிமிடம் கழித்து மிஷின் மறுபடி உறுமியது. மஞ்சள் மேல் மெஜந்தா ஏறியது, பிறகு சயான். மாமா மாமாவாக வந்தார். பதினொரு மணிக்குள் மூன்று படமும் முடிந்தன.

தீர்ந்த ரிப்பனில், போட்ட படமெல்லாம் நெகட்டிவ் போலப் பதிந்திருக்கும். யார் கையிலும் சிக்காமல் கத்தரித்துக் குப்பையில் போடச் சொன்னேன். அத்தை அதை வாங்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.