எட்டாத இடத்தில் ஒரு நட்டு

இதைப் பற்றியெல்லாமா எழுதுவீர்கள் என்று என் மனைவி கேட்டாள். முழங்கால் ஆபரேஷன் ஆனவர் இருக்கும் வீட்டில் இதைவிட முக்கியமான சாமான் எது, சொல் என்றேன். பதில் வரவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு வெஸ்டர்ன் டாய்லெட்டின் சீட் மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குத் தொந்தரவு இல்லாததால் நான் கண்டுகொள்ளவில்லை. போன மாதம் ஒரு நாள், விடியற்காலை நாலு மணி இருக்கும், "ஏங்க!" என்று சத்தம். அவள் உட்காரும்போது சீட் பக்கவாட்டில் நழுவிவிட்டது. சாய்ந்தவள் குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். குழாய் தாங்கியது. தாங்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிளம்பர் தம்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "சார், இது சைடு மூடின மாடல். நட்டு உள்ள இருக்கு, கை போகாது. கமோடையே மாத்திடுங்க." மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தச் சொல்கிறார்! காபி கொடுத்து அனுப்பிவிட்டு நானே உட்கார்ந்தேன்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் ஸ்பேனர் பிடித்தவன் நான். ஃபிட்டராகச் சேர்ந்த புதிதில் என் மேஸ்திரி சொல்வார், மாட்டுகிறபோதே கழட்டப் போகிறவனை நினைத்துக்கொள்ளடா என்று. பழைய கமோடில் அப்படித்தான் இருந்தது. அடியில் கையை விட்டால் இறக்கை நட்டு, இரண்டு திருகு, சீட் கையோடு வந்துவிடும். இப்போது அழகு என்று சொல்லிப் பக்கமெல்லாம் பீங்கானால் மூடிவிட்டார்கள். துடைக்கச் சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காக?

உள்ளே இருப்பது இதுதான். கீலின் மூடியை நெம்பினால் ஒரு ஸ்க்ரூ. அது ஓட்டைக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷில் இறங்குகிறது. புஷ்ஷின் அடியிலேயே நட்டு பதிந்திருக்கிறது. மேலிருந்து முறுக்க முறுக்க ரப்பர் உப்பிப் பீங்கானைக் கவ்விக்கொள்ளும். நல்ல யோசனைதான், ரப்பர் புதிதாக இருக்கும்வரை. வருடம் ஆக ஆக ரப்பர் இறுகிப் பிடியை விட்டுவிடும். ஸ்க்ரூ துருப்பிடித்து நட்டோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் திருகினால் எல்லாம் சேர்ந்து சுற்றும். இறுகவும் செய்யாது, கழலவும் செய்யாது.

எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தேன். காலையில் மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி கீலை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்க, நான் திருகினேன். இழுக்கும்போது ரப்பர் ஓட்டையின் விளிம்பில் சிக்கிச் சுற்றாமல் நிற்கும். ஒரு பக்கம் வந்துவிட்டது. இன்னொன்று மசியவில்லை. பீங்கானில் கீறல் விழாமலிருக்க இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று ஒட்டி, ஹேக்சா பிளேடை மட்டும் துணி சுற்றிப் பிடித்துக் கீலுக்கு அடியில் அறுத்தேன். முக்கால் மணி நேரம். நடுவில் இரண்டு தடவை இடுப்பு பிடித்துக்கொண்டது. மிச்சத்தை மூக்கு பிளையரால் இழுத்து எடுத்தேன்.

புது சீட் வாங்கப் போகிறவர்கள் பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். வெட்கமாக இருந்தால், கமோடின் மேல் நியூஸ்பேப்பர் விரித்து விளிம்பை வரைந்து, இரண்டு ஓட்டைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் பேப்பர்தான் கொண்டு போனேன். மாட்டும்போது பலம் காட்ட வேண்டாம், பீங்கான் விரிசல் விடும்.

என் சண்டை கம்பெனிக்காரர்களோடுதான். பட்டனை அமுக்கினால் சீட் கழன்று வரும் மாடல்களும் கடையில் இருக்கின்றன. அவர்களுக்குச் செய்யத் தெரியாமல் இல்லை. வெஸ்டர்ன் டாய்லெட்டை அதிகம் நம்பியிருப்பது மண்டி போட முடியாத நம் போன்றவர்கள். அந்த சீட்டை இறுக்க முடியாமல் செய்வது எந்த ஊர் அழகு? அடுத்த முறை கடையில் கலரைப் பார்ப்பதற்கு முன்னால், "தம்பி, இதை இப்போது என் முன்னால் கழற்றிக் காட்டு" என்று கேட்கப் போகிறேன். நீங்களும் கேளுங்கள்.

மாடி பாத்ரூமிலும் இதே மாடல்தான். நேற்று அசைத்துப் பார்த்தேன். லேசாக ஆடுகிறது.