பெயர்ப்பலகையை மாற்றும் உரிமை

பதுளையிலிருந்து பசறை செல்லும் வீதியை ஒட்டிய தோட்டம் ஒன்றின் வாசிகசாலைக்கு அண்மையில் சென்றிருந்தேன். அங்கே மாலை வகுப்பு நடத்தும் இளம் ஆசிரியர் அழைத்திருந்தார். நன்கொடையாகக் கிடைத்த பழைய கணனி ஒன்று மூலையில் இருந்தது. யாரோ ஒரு பல்கலைக்கழக மாணவர் அதில் லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்திருந்தார். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி அதன் முன் அமர்ந்திருந்தாள். அவளுடைய தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அடையாள அட்டையில் அவர் பெயர் ஒரு விதமாகவும் சேமலாபப் பணப் பதிவேட்டில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்ததால் பணம் கைக்கு வரவில்லை. அதைத் திருத்தக் கோரி ஒரு கடிதம் எழுத வேண்டும்.

“கடிதம் எழுதுறது இதுல எது சேர்?” என்று கேட்டாள்.

திரையில் பதினைந்து இருபது படங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் ஒரு பெயர். தண்டர்பேர்ட் என்றால் மின்னஞ்சல், செல்லுலொய்ட் என்றால் திரைப்படம், ரைட்டர் என்றால் கடிதம் என்பதை முன்பே அறிந்தவருக்குத்தான் அவை பெயர்கள். அறியாதவருக்கு வெறும் ஒலிகள்.

“இதில் தமிழில் எழுதி வைக்கலாமே மாஸ்டர்” என்றேன். அவர் தயங்கினார். “ஒன்றையும் மாற்ற வேண்டாம் என்று தந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள் சேர்.”

இந்தப் பதில்தான் என்னை இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. ஈய எழுத்துக் கோத்த அச்சகத்தில் பத்திரிகைத் தொழிலைத் தொடங்கி, பாமினி எழுத்துருவில் செய்தி தட்டெழுதிய காலத்தையும் கடந்து வந்தவன் நான். கணனி வல்லுநன் அல்லன். ஆயினும் லினக்ஸில் மாற்றக்கூடாதது என்று எதுவும் இல்லை என்பதும், மாற்றுவதற்காகவே அது மனிதர் கையில் கொடுக்கப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று நாங்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸில் நாம் சொடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு சிறு கோப்பு உண்டு. அதன் பெயர் ‘டெஸ்க்டொப்’ என்று முடியும். சாதாரண எழுத்துக் கோப்புத்தான், எந்த எழுதுகருவியாலும் திறக்கலாம். ‘நேம்’ என்ற வரியில் பெயர், ‘ஐகன்’ என்ற வரியில் படம், ‘எக்ஸெக்’ என்ற வரியில் இயக்க வேண்டிய கட்டளை, ‘கொமென்ட்’ என்ற வரியில் ஒரு சிறு விளக்கம். முக்கியமானவை இவ்வளவே. க்னோம், கேடிஈ முதலிய பணிச்சூழல்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இந்த முறை, 2000இல் ஹவொக் பெனிங்டன் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டொப் திட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டது.

மூலக் கோப்பில் கைவைக்க வேண்டியதில்லை. கைவைத்தால் அடுத்த இற்றைப்படுத்தலின்போது நமது மாற்றம் அழிந்துவிடும். அதைப் பிரதி செய்து, பயனருடைய வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ‘லோக்கல்’, அதனுள் ‘ஷெயார்’, அதனுள் ‘அப்ளிகேஷன்ஸ்’ என்ற இடத்தில் அதே பெயருடன் வைத்தால் போதும். பொதுக் கோப்பை விட்டுவிட்டு வீட்டில் உள்ளதையே கணனி மதிக்கும். பிழை நேர்ந்தால் பிரதியை அழித்துவிடலாம், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். ஆசிரியரின் அச்சம் இதைக் கண்டதும் பாதி தணிந்தது.

முதல் முயற்சி தோற்றது. ‘நேம்’ என்பதை அடுத்துப் பகர அடைப்புக்குறிக்குள் தமிழுக்குரிய ‘டிஏ’ குறியீட்டை இட்டுத் தமிழ்ப் பெயரை எழுதினோம். ஒன்றும் மாறவில்லை. கணனியின் மொழி ஆங்கிலமாக இருந்தமையே காரணம். மொழியைத் தமிழாக்கினால்தான் அந்த வரி வாசிக்கப்படும். குறியீடு இல்லாத ‘நேம்’ வரியிலேயே தமிழில் எழுதினோம். பெயர் மாறியது. பின்னர் ‘எக்ஸெக்’ வரியில், அனுப்புநர், பெறுநர், திகதி, பொருள் என்று முன்கூட்டியே அமைத்து வைத்த ஒரு கடித மாதிரியின் இடத்தைக் குறித்தோம். இப்போது ‘கடிதம் எழுத’ என்ற படத்தைச் சொடுக்கினால் வெறுந்தாள் வருவதில்லை. எழுதத் தொடங்க வேண்டிய கடிதமே வருகிறது. பிள்ளைகளுக்குத் தேவையற்ற சிலவற்றை ‘நோ டிஸ்ப்ளே’ என்ற வரியால் பட்டியலிலிருந்து மறைத்தோம். படக் கோப்பைச் சொடுக்கினால் எது திறக்க வேண்டும், பாடக் கோப்பைச் சொடுக்கினால் எது திறக்க வேண்டும் என்பதையும், கோப்பின்மேல் வலது சொடுக்கி அதன் பண்புகளில் இயல்பான செயலியைத் தெரிவு செய்து முடிவு செய்தோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

கணனியையே தமிழுக்கு மாற்றிவிட்டால் இந்த வேலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். லினக்ஸ் பணிச்சூழல்களைத் தமிழாக்கும் வேலையைத் தமிழகத்திலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உள்ள தன்னார்வலர்கள் 2000ஆம் ஆண்டை ஒட்டியே தொடங்கிவிட்டார்கள். ஊதியமின்றி உழைத்த அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் தமிழும் ஒன்றாக இல்லையே! தமிழகத்தார் ‘உலாவி’ என்பதை நமது பாடநூல் ‘மேலோடி’ என்கிறது. அந்த மாணவி பரீட்சையில் எழுத வேண்டிய சொல் மேலோடி. சென்னையில் இருந்து மொழிபெயர்ப்பவர் பசறையின் வினாத்தாளை அறிந்திருக்க முடியாது, அது அவர் குற்றமும் அன்று. கடைசிச் சொல்லை அந்தந்த இடத்தில் இருப்பவரே எழுதிக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வரி போதுமென்று லினக்ஸ் வைத்திருக்கிறது.

வேறொரு மறுப்பும் உண்டு. நாளை கொழும்பில் வேலைக்குப் போகும் பிள்ளை ஆங்கிலப் பெயரைத்தானே காணும், தமிழில் பழக்கினால் பின்தங்கிவிடாதா என்பது. இக்கவலையை நான் மதிக்கிறேன். ஆகவே ‘கொமென்ட்’ வரியில் ஆங்கிலப் பெயரை இட்டோம். சுட்டியைப் படத்தின்மேல் நிறுத்தினால் அது தோன்றும். ஆங்கிலம் கற்கத்தான் வேண்டும். தாயாருக்காகக் கடிதம் எழுத வந்த பிள்ளையை ஆங்கிலம் கற்றபின் வா என்று அனுப்பிவிடுவது மட்டும் கூடாது.

தோட்டத்து மக்களுக்குப் பெயர் மாற்றுவது புதிதன்று. ஸ்பிரிங்வெலி, டெமேரியா என்று துரைமார் வைத்த பெயர்கள் பலகையில் இருக்க, மலையின் தோற்றத்தையோ முதல் துரையின் பெயரையோ கொண்டு தம் வாய்க்கு இசைந்த தமிழ்ப் பெயர்களைத் தோட்டங்களுக்கு நம் மூதாதையர் வைத்துக்கொண்டார்கள். அவர்களால் மாற்ற முடியாதது தாம் குடியிருந்த லயத்தைத்தான். தலைமுறைகளாக வாழ்ந்தும் உறுதிப் பத்திரம் இல்லை. ஒரு சுவரை இடித்துக் கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். தனி முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வந்த குடும்பங்கள் எத்தனை! பிறர் அமைத்ததில் கைவைக்கக்கூடாது என்ற எண்ணம் நமக்கு அங்கிருந்துதான் ஊறியதோ என்று நினைக்கிறேன். நன்கொடைக் கணனியின் முன்னாலும் அதே எண்ணத்துடன் நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

இதை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்தது. விண்டோஸ் 11 கோரும் வன்பொருள் இல்லாத கணனிகள் அலுவலகங்களிலிருந்து கழிக்கப்படுகின்றன. அவற்றுள் சில லினக்ஸுடன் தோட்டப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் வரக்கூடும். தருவோரை நான் கேட்பது ஒன்றே: “தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒரு மணி நேரம் கூட இருந்து, எதை எப்படி மாற்றலாம் என்று காட்டிவிட்டுப் போங்கள். ஓர் எச்சரிக்கையும் சொல்லுங்கள். முன்பின் அறியாத இடத்திலிருந்து வரும் டெஸ்க்டொப் கோப்பை நம்பக்கூடாது, அதன் ‘எக்ஸெக்’ வரியில் எந்தக் கட்டளையும் ஒளிந்திருக்கலாம்.

அந்த மாணவி கடிதத்தை எழுதி முடித்தாள். வாசிகசாலையில் அச்சுப்பொறி இல்லாததால் பென்டிரைவில் பதிந்து, மறுநாள் பசறை நகரில் அச்சிட்டு எடுத்ததாக ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அவள் தானாகவே இன்னொரு படத்தை உருவாக்கியிருக்கிறாளாம். ‘அம்மாவின் கடிதங்கள்’ என்று அதற்குப் பெயர். அதைச் சொடுக்கினால் அவள் எழுதிய கடிதமும், இனி எழுத வேண்டியவற்றுக்கான கோப்புறையும் திறக்கின்றன.